மலை ஏரிச் சேற்றிலிருந்து பழைய மழையைக் கண்டறிவது எப்படி

வறண்ட மலைப்பகுதியிலுள்ள ஏரி ஒன்றின் அடிச்சேற்றை வைத்துப் பழைய காலநிலையை அறியப் போகிறீர்களா? சேறு எடுக்கும் குழாயைக் கையில் எடுக்குமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த ஏரிக்கு வரும் தண்ணீர் எங்கே போகிறது? திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடமிருந்து பதில் வரும்வரை அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

லடாக்கின் சோ கார், தஜிகிஸ்தானில் ஏறத்தாழ 3,900 மீற்றர் உயரத்திலுள்ள காராகுல், சீனாவின் சிங்ஹாய் ஏரி இவற்றிலிருந்து வெளியேறும் ஆறு கிடையாது. வந்த நீர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஆவியாகித்தான் போகவேண்டும். வரத்துக் குறைந்தால் ஏரி சுருங்கி உப்புக் கூடும். வரத்துக் கூடினால் கரையேறி உப்புக் குறையும். சோ கார் கரையில் நாடோடிகள் முன்பு உப்பு அள்ளியிருக்கிறார்கள். ஆனால் அதே ஏரியின் பழைய கரைக்கோடுகள் இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு மேலே மலைச்சரிவில் தெரிகின்றன. இப்படிப்பட்ட ஏரிதான் நமக்கு வேண்டும். வெளியேறும் ஆறு இருந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடிவிடும், மாற்றம் சேற்றில் மங்கலாகத்தான் பதியும்.

சேறு எடுக்கும் கைப்பழக்கத்தை இங்கேயே பெறலாம். ஓகஸ்ட், செப்டெம்பரில் கச்சான் காற்றடித்துத் தம்பலகாமப் பக்கத்துச் சிறு குளங்களில் நீர் வற்றிக் குறைந்திருக்கும். கமக்காரர் அமைப்பிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதலை உண்டா என்று ஊர் ஆட்களிடம் விசாரியுங்கள், உண்டென்றால் இறங்கவே வேண்டாம். இரண்டு அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பில் ஒரு மீற்றர் போதும். நேராக, மெதுவாகச் சேற்றில் இறக்கி, மேல்வாயை நீரால் நிரப்பி இறுக்கமாக மூடினால், இழுக்கும்போது சேறு உள்ளேயே நிற்கும். கீழ்வாய் நீரைவிட்டு வெளியே வருமுன் அதையும் மூடுங்கள். எது மேல், எது கீழ் என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். இது பயிற்சிக்கு மட்டும்தான். எருமை மிதித்த, தூர்வாரிய குளத்துச் சேற்றில் காலநிலை தேட முடியாது.

மலை ஏரியில் மாரிக்காலத்தில் உறைந்த பனிக்கட்டியின்மேல் நின்றோ, நங்கூரமிட்ட மிதவையிலிருந்தோ எடுப்பார்கள். ஆற்றுவாயையும் செங்குத்துச் சரிவையும் தவிர்த்து, ஆழமான, தட்டையான அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிந்து விழுந்த சேறு வரிசையைக் குழப்பிவிடும். அருகருகே இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் விட்டுப்போன துண்டை மற்றதில் பிடிக்க வேண்டும்.

குழாயை நீளவாக்கில் பிளந்தவுடன் படம் எடுங்கள். காற்றுப் பட்டதும் கறுப்புப் படை மண்ணிறமாக மாறத் தொடங்கும். "ரீச்சர், சேறு கறுப்பென்றால் மழை கூடவா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. அடியில் ஒட்சிசன் இல்லை என்பதைத்தான் கறுப்புச் சொல்கிறது. ஆழமான நீரிலும் அது நடக்கும், அழுகும் சதுப்பிலும் நடக்கும். ஒரு சாட்சி போதாது.

அடுத்த சாட்சி ஆய்வுகூட அடுப்பு. மாதிரியை 105 பாகை செல்சியசில் உலர்த்தி நிறுங்கள். 550 பாகையில் எரித்தால் குறைவது சேதனப் பொருள். 950 பாகையில் மேலும் குறைவது காபனேற்றிலிருந்து போன காபனீரொட்சைட்டு. அந்தக் குறைவை 2.27 ஆல் பெருக்கினால் சுண்ணாம்பின் அளவு கிடைக்கும்.

உப்பு என்ன சொல்கிறது என்பதற்கு நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் இறுகும்போது முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், ஏறத்தாழப் பத்திலொரு பங்காக வற்றிய பிறகுதான் கறியுப்பு. மலை ஏரி சுருங்கும்போதும் பெரும்பாலும் இந்த ஒழுங்குதான். வெள்ளைச் சுண்ணாம்புச் சேற்றுக்குமேல் ஜிப்சம் ஊசிகள் கண்டால் நீர் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஆறு கொண்டுவரும் கரைசலைப் பொறுத்துச் சில ஏரிகளில் சோடா உப்புகள் படியும். ஆகவே அந்த ஏரியின் இன்றைய நீரையும் சோதிக்க வேண்டும். சேற்றிலுள்ள சிறு ஓட்டுடலிகளின் ஓடுகளும் உதவும். ஆவியாகும்போது பாரம் குறைந்த ஒட்சிசன் 16 முந்திப் போகும், பாரம் கூடிய ஒட்சிசன் 18 நீரில் மிஞ்சி ஓட்டில் சேரும். ஆகவே ஓட்டில் அது கூடியிருந்தால் பெரும்பாலும் ஏரி வற்றிய காலம்.

சேற்றிலுள்ள மகரந்தத்தில் இரண்டு செடிகளை எண்ணுங்கள். ஒன்று மரிக்கொழுந்தின் இனமான ஆர்ட்டிமீசியா. மற்றது நம் களப்போரம் வளரும் உமரியின் உறவுகள். ஆசியாவின் வறண்ட பகுதிகளில் முதலாவது கூடினால் ஈரம் கூட, இரண்டாவது கூடினால் வறட்சி கூட என்று கொள்வார்கள். மர மகரந்தத்தை நம்பவேண்டாம், பள்ளத்தாக்கிலிருந்து காற்று தூக்கிவரும்.

வயது கணிப்பதில்தான் நான் மிகக் கண்டிப்பு. செத்த உயிரில் மெல்ல அழியும் கதிரியக்கக் காபன் 14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து வயது கணிக்கிறோம். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டு. சுண்ணாம்பு மலையிலிருந்து வரும் நீரில் மிகப் பழைய காபன் கரைந்திருக்கும். அதை உண்டு வளர்ந்த நீர்த்தாவரம் உண்மையைவிட நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். தரையில் வளர்ந்த செடியின் விதையோ சுள்ளியோ தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் இன்று ஏரியில் உயிரோடிருக்கும் பாசியின் வயதை அளந்து, அது காட்டும் பிழையைக் கழியுங்கள். ஏரி சுருங்கி விரியும்போது அந்தப் பிழையும் மாறும் என்பதையும் எழுதிவையுங்கள். கடைசி 150 ஆண்டுக்கு, அதேபோல் அழியும் ஈயம் 210 போதும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் 137 உச்சம் 1963 ஐக் காட்டித்தரும்.

அப்புறம், நீர்மட்டம் உயர்ந்தால் உடனே மழை என்று எழுதாதீர்கள். வெப்பம் கூடிப் பனியாறு உருகினாலும் ஏரி நிரம்பும். அப்போது பனியாறு அரைத்த சாம்பல்நிறக் கல்மா சேற்றில் கூடியிருக்கும். மழையென்றே வைத்தாலும், எந்த மழை? காராகுல் இருக்கும் பாமிர் மலைக்கு ஈரம் பெரும்பாலும் மாரியின் மேலைக்காற்றில் வருகிறது, லடாக்குக்குக் கோடைப் பருவக்காற்றும் சேர்கிறது. கொழும்பில் மே, யூனில் வெள்ளம் ஓடும்போது நமக்குப் புழுதி பறக்கிறதே! ஒரு மலையின் ஈரக்காலம் அடுத்த மலைக்கும் ஈரக்காலமாக இருக்கவேண்டியதில்லை.

குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு படைக்கும் மூன்று நிரல் போடுங்கள்: கண்டது, அளந்தது, ஊகித்தது. மூன்றாவதைப் பென்சிலால் எழுதுங்கள். பிளந்த குழாயின் மறுபாதியைத் தொடாமல் சுற்றி, 4 பாகைக் குளிரில் இருட்டில் வையுங்கள். உங்கள் முடிவை வேறொருவர் சோதித்துப் பார்க்க அது வேண்டும்.