ஷிண்டென் மாடல்: எல்லாம் மூக்கு எடையில் இருக்கிறது

என் முதல் ஷிண்டென் போர் விமான மாடலை முடித்து அலமாரியில் வைத்துக் கையை எடுத்தேன். மூக்கு மெல்ல மேலே எழுந்தது, பின்னால் இருந்த புரொப்பெல்லர் பலகையில் இடித்து இரண்டு பிளேடுகள் ஒடிந்தன. மூன்று மாத வேலை. நிஜ விமானத்துக்கும் இதேதான் நடந்தது என்று பிறகுதான் படித்தேன். 1945 ஜூலையில் தரையில் ஓட்டிப் பார்த்தபோது மூக்கு அளவுக்கு மேல் தூக்கி, பிளேடு நுனிகள் தரையில் உரசின. செங்குத்து வால்களின் அடியில் குட்டிச் சக்கரங்கள் வந்தது அதனால்தான்.

ஜப்பானியக் கடற்படை அதிகாரி த்சுருனோ மசயோஷி மனத்தில் உருவான விமானம் இது. சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னே. பி-29 குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்த மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள். ஃபுகுவோக்காவின் க்யூஷு நிறுவனம் இரண்டே இரண்டு செய்தது. பறந்தது ஒன்றுதான், அதுவும் 1945 ஆகஸ்ட் 3 முதல் சில நாட்கள், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக.

நான் 1/48 அளவைத்தான் சொல்வேன், அதாவது நிஜ விமானத்தின் நீள அகலத்தில் 48-ல் ஒரு பங்கு. முடித்தால் நீளம் 20 செ.மீ., அகலம் 23 செ.மீ. வரும்.

பசையைத் திறக்கும் முன் உடல், இறக்கைகள், எஞ்சின் பகுதி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். பின் சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரல்களால் தாங்குங்கள். வால் பக்கம் சாயும். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு மூக்கின் மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மூக்கு தாழ்ந்த பிறகும் 5 கிராம் கூட்டுங்கள், ஏனென்றால் பெயின்டும் புரொப்பெல்லரும் இன்னும் வரவில்லை. ஈயத்தைக் காக்பிட்டுக்கு முன்னால், முடிந்தவரை மூக்கு நுனிக்கே தள்ளி வையுங்கள். அங்கே இடம் குறைவு. குண்டுகளைச் சுத்தியலால் தட்டி நெளித்தால்தான் அடங்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். ஒட்ட அரால்டைட் போதும். வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம், அது ஈயத்தோடு வினைபுரிந்து உப்பி, சில வருடங்களில் மூக்கையே பிளந்துவிடும்.

பீரங்கிக் குழாய்களுக்கு மருந்துக்கடையில் 20 கேஜ் ஊசி வாங்குங்கள். உள் துளை 0.6 மி.மீ., 1/48-ல் 30 மி.மீ. பீரங்கியின் வாய் கிட்டத்தட்ட அதே அளவு. முக்கோண அரத்தை ஊசியின் மேல் வைத்து உருட்டினால் துளை நசுங்காமல் அறுபடும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இணைப்புக் கோடுகளை 400, பிறகு 800 உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். இறக்கை மேல் நிற்கும் இரண்டு வால்களையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு டிகிரி சாய்வுகூடக் கண்ணில் குத்தும்.

மேலே டாமியா பெயின்டில் எக்ஸ்எஃப்-11 பச்சை, கீழே எக்ஸ்எஃப்-12 சாம்பல், இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை. மழை நாளில் லாக்கர் வகை பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரத்தில் வெளுத்துப்போகும். டீகால் என்னும் சின்னங்களின் ஒட்டுப்படங்களுக்கு முன் பளபளப்புப் பூச்சு ஒன்று கொடுங்கள்.

ஜப்பானிய விமானம் என்றாலே பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிய வேண்டும் என்று பலர் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) கையில் வந்ததும் முடிவு செய்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த தீவு விமானங்களுக்கு அது பொருந்தும். ஆலையிலிருந்து வெளியே வந்து சில நாட்களே பறந்த ஷிண்டெனுக்குப் பொருந்தாது. எஞ்சின் புகைபோக்கி அருகே லேசான கருமை, சக்கரங்களில் கொஞ்சம் தூசி, அத்தோடு நிறுத்துங்கள்.

புரொப்பெல்லருக்கு ஆறு பிளேடு. அட்டையில் வட்டம் போட்டு 60 டிகிரிக்கு ஒரு கோடு வரைந்து, அதன் மேல் வைத்து ஒட்டுங்கள். பெயின்ட் அடித்துத் தனியே வைத்திருந்து எல்லாம் முடிந்த பின் மாட்டுங்கள்.

மாட்டியதும் மாடலைக் கண்ணாடி மேல் நிறுத்தி, வால்களின் அடியிலுள்ள குட்டிச் சக்கரங்களுக்குக் கீழே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். அவை தரையைத் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் தாள் தடையின்றிப் போனால் அலமாரியில் வைத்துக் கையை எடுக்கலாம்.