கசந்த சுருட்டும் பொய் சொன்ன மீட்டரும்

கியூபாவின் ரொபஸ்டோ வகைச் சுருட்டு, 124 மி.மீ. நீளம். பாதியிலேயே கசந்தது, ஒரு பக்கமாகவே எரிந்தது. சுருட்டு வைக்கும் பெட்டியின் மீட்டரோ ஈரப்பதம் 69 சதவீதம் என்றது. மீட்டரைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு மூடியில் உப்பைச் சேறுபோல நனைத்து, மீட்டரோடு ஜிப் பையில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். இது 70தான் காட்டியது. ஆக, பெட்டிக்குள் நிஜத்தில் 74. ஈர இலை சரியாக எரியாது. ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பொட்டலம் போட்டு மூன்று வாரம் விட்டதும் சரியானது.

பற்றவைக்கும் முன் முனையை வெட்டி வெறுமனே இழுத்துப் பாருங்கள். அடைப்பிருந்தால் சுவையை மதிப்பிடுவதே வீண். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் எந்த நல்ல இலையும் கசக்கும். புகையை உள்ளே இழுக்காமல், வாயிலிருந்து கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால்தான் மிளகுக் காரமும் மர வாசனையும் தனித்தனியாகத் தெரியும்.