கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடாது

சமையற்கூடத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் கை கழுவு, மூடி வை என்றெல்லாம் நான் சொல்வதில்லை. அது அவர்களுக்கே தெரியும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டு செய்வதுதான் வம்பு.

"மறுபடி சூடு பண்ணிடலாம்"

இதைக் கேட்டாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மதியம் வடித்த சோற்றை ஒரு பையன் அண்டாவோடு மூடி மேடையிலேயே விட்டிருந்தான். இரவு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணே, சூடு பண்ணிடலாம்" என்றான். அவ்வளவையும் கொட்டச் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போனது. கரண்டியை விட்டுப் பார்த்தால் நடுச்சோறு அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருக அந்தச் சூடு போதும்.

இந்த பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு ஆற ஆற முளைத்துப் பெருகும். சில வகைகள் செரியுலைடு என்ற நஞ்சையும் சுரக்கும். 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சூடுபடுத்தினால் முளைத்த கிருமி செத்துப்போகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்திதான்.

சரி, மூக்கு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நாற்றமும் புளிப்பும் கொழகொழப்பும் பெரும்பாலும் வேறு நுண்ணுயிர்களின் வேலை. நோய் தருபவை பல நேரம் மணத்தையோ சுவையையோ மாற்றுவதே இல்லை.

இறைச்சிக் குழம்பு இன்னும் மோசம். அதில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் ஆழமான பாத்திரத்தில் ஆறவிடாதீர்கள். அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்புங்கள். 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அப்புறம் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

குளிர்பெட்டி இருக்கிறதே என்ற தைரியம்

குளிர் கிருமியைக் கொல்லாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரியிலும் வளரும்.

பூஞ்சையைக் கிள்ளிவிட்டுத் தின்பது

ரொட்டியில் வேண்டாம். பச்சையாகத் தெரிவது வித்துகள் மட்டும்தான், இழைகள் ஏற்கெனவே உள்ளே ஓடியிருக்கும்.

கெட்டதை அப்படியே உரக்குழியில் கொட்டுவது

ஈரச் சோறு அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கை ஓங்கி, குழி நாறும். காய்ந்த சருகு தாராளமாகச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது.