அவுட்புட் வந்தால் போதுமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து புரோகிராமை அப்படியே அடிப்பது, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது. பொறியியல் கல்லூரி லேப்களில் முதல் ஆண்டிலேயே தொற்றிக்கொள்ளும் பழக்கம் இது. பிற்பாடு வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுதான் வேர்.

1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் ஃபேக்டோரியல் புரோகிராமையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் 5 கொடுப்பார்கள், 120 வரும். அதற்கே 13 கொடுத்துப் பாருங்கள். சி மொழிக்கான ஜிசிசி கம்பைலரில், முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது பொதுவாக 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. 12-க்கான விடை 47,90,01,600, அது அடங்கிவிடும். 13-க்கு வரவேண்டியது 6,22,70,20,800. திரையில் வருவதோ 1,93,20,53,504. எந்த எர்ரரும் காட்டாது. பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும், ஆபத்தே அதில்தான். இன்ட் 16 பிட்டாக உள்ள பழைய டர்போ சி-யில் 8 கொடுத்தாலே போதும், 40,320-க்குப் பதில் -25,216 வந்து நிற்கும். அங்கே மைனஸ் குறியாவது காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்ட்டைவிடப் பெரிய லாங் லாங் போட்டால் 20 வரை தாங்கும், 21-இல் அதுவும் உடையும்.

அனுபவசாலிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவாவின் லைப்ரரியில் இருந்த, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதிபாதியாக்கித் தேடும் பைனரி சர்ச்சில், தேடும் பகுதியின் இரு முனைகளான லோ, ஹை இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் எண் இடம் கொள்ளாமல் போகும் இதே வழிதல் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. 2006-இல்தான் அது பரவலாகத் தெரியவந்தது. ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் அந்தச் சிக்கலே வராது.

ஆகவே எந்தப் புரோகிராமையும் உடைக்கப் பாருங்கள். 0, மைனஸ் எண், எல்லையில் உள்ள எண், அதற்கு அடுத்தது என்று கொடுங்கள். ஒவ்வொரு நோடும் அடுத்த நோடைச் சுட்டும் லிங்க்டு லிஸ்ட் என்றால் காலி லிஸ்ட், ஒரே நோடு, முதல் நோடை நீக்குவது, கடைசி நோடை நீக்குவது என நான்கையும் பாருங்கள். நோடை ஃப்ரீ செய்தபிறகு, அதாவது அதன் மெமரியை விடுவித்தபிறகு, அதிலிருந்தே அடுத்த நோடைக் காட்டும் நெக்ஸ்ட் பாயிண்டரை எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. லேபில் ஓடும், வேறு கணினியில் கிராஷ் ஆகும். முந்தைய நோடை அடுத்த நோடோடு இணைத்த பிறகுதான் ஃப்ரீ செய்யவேண்டும். காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறிகளை மாற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கம்பைலர் தரும் வார்னிங்குகளைப் படிக்காமல் விடுவதும் தவறுதான். எல்லா வார்னிங்கையும் ஆன் செய்து வையுங்கள். இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்பில் ஆம்பர்சண்ட் (&) விட்டுப்போனதை ஜிசிசியே சொல்லிவிடும்.

டிஸ்கிரீட் மேத்ஸை வெறும் கணக்கு பேப்பர் என்று ஒதுக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அது மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. நான்காவதில் வரும் அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் இரண்டுக்கும் அதிலுள்ள இன்டக்‌ஷனும் கிராஃபும் வேண்டும். அதில் அரியர் விழுந்தால் மூன்று பேப்பரும் சேர்ந்து இழுக்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது பெரிய இழப்பு. வைவாவில் 'இந்த டேபிளுக்கு பிரைமரி கீ எது, ஏன்?' என்ற ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம் என்பதற்காக மட்டும் இல்லை. இன்டர்வியூவில் அரைமணி நேரம் பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு புராஜெக்ட்தான். சின்னதாக இருந்தாலும் நீங்களே செய்யுங்கள். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் முதல் நாளிலிருந்தே போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.