பணியிலிருக்கும் பி.எஃப். உறுப்பினர் இறந்தால் குடும்பம் கோர வேண்டியவை

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்தவர் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டால், அவருடைய குடும்பத்துக்குச் சேர வேண்டியவை மூன்று: கணக்கில் சேர்ந்த பணம், காப்பீட்டுத் தொகை, மாத ஓய்வூதியம். இவற்றுள் முதலாவது கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி, ஆண்டுக்கணக்கில் வரக்கூடிய மூன்றாவதைக் கோராமலே இருந்துவிடக் கூடாது.

கணக்கிலுள்ள பணத்துக்குப் படிவம் 20, காப்பீட்டுக்குப் படிவம் 5ஐஎஃப், ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி என்று வழக்கமாகச் சொல்வார்கள். மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கோருவதற்கான கூட்டுப் படிவமும் உண்டு. இறப்புச் சான்றிதழ், கோருபவரின் ஆதார், அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் விவரம், பிள்ளைகளின் வயதுச் சான்று ஆகியவற்றை இணைத்து, இறந்தவர் வேலை பார்த்த நிறுவனத்தின் சான்றொப்பத்துடன் வைப்பு நிதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உறுப்பினர் இணையவழியில் வாரிசு நியமனம் செய்திருந்தால், நாமினியே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

காப்பீட்டுக்காகத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிப்பதில்லை என்பதால், அப்படியொன்று இருப்பதே வீட்டில் தெரியாமல் போகக்கூடும். 1976ஆம் ஆண்டுத் திட்டமான இதில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

ஓய்வூதியத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம் என்னும் விதி உறுப்பினர் தாமே ஓய்வு பெறும்போதுதான் பொருந்தும். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே குடும்பத்துக்கு உரிமை உண்டு. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மனைவிக்கோ கணவருக்கோ மாதம் குறைந்தது 1,000 ரூபாய், ஆயுள் முழுவதும் அல்லது மறுமணம் செய்துகொள்ளும் வரை வழங்கப்படும். அத்துடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தொகையில் 25 விழுக்காடு, 25 வயது நிறையும் வரை, தனியாகச் சேரும். ஒரே நேரத்தில் இருவருக்கு மட்டுமே தரப்படும் என்பதால், மூத்த பிள்ளைக்கு 25 நிறைந்த பிறகு மூன்றாவது பிள்ளையின் முறை வரும். தாயின் ஓய்வூதியம் 3,200 ரூபாய் என்றால் இரு பிள்ளைகளுக்கும் தலா 800 சேர்ந்து வீட்டுக்கு 4,800 ரூபாய் வரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கும், தாயோ தந்தையோ மறுமணம் செய்துகொண்ட வீட்டுப் பிள்ளைக்கும் இந்த விகிதம் 75 விழுக்காடாக உயரும். ஆகவே மறுமணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைகளின் பங்கும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிரந்தர மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது.

திருமணத்துக்கு முன்பு தாய் பெயரிலோ உடன்பிறந்தார் பெயரிலோ எழுதிவைத்த நியமனத்தை மாற்றாமலே விட்டிருப்பவர்கள் உண்டு. குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், குடும்பம் அமைந்ததும் செல்லாததாகிவிடும். செல்லத்தக்க நியமனம் இல்லாத இடத்தில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேட்கக்கூடும். அதைப் பெற நாளாகும் என்பதால் இறப்புச் சான்றிதழ் கிடைத்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஓய்வூதியம் தொடங்கிய பின்னர் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும்; அது தவறினால் தொகை நின்றுவிடும்.