ஓ.கே.யூ. அட்டை எடுப்பதற்கு முன்

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடியில் விண்ணப்பப் பாரம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற கிராணியான என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓ.கே.யூ. அட்டைக்காக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மருத்துவர் நிரப்பவேண்டிய பக்கத்தை.

மற்றவை எளிது. உங்கள் மாவட்டச் சமூக நல இலாகாவில் பாரம் கிடைக்கும், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை நகல், குழந்தையென்றால் மைகிட் எனும் குழந்தை அடையாள அட்டையின் நகல், படம். கட்டணம் இல்லை.

சிக்கல் மருத்துவரிடம்தான். நம் தாய்மார்கள் அங்கே போய், "பையன் கொஞ்சம் துறுதுறு, அவ்வளவுதான் டாக்டர்" என்று மழுப்புகிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். மருத்துவர் என்ன எழுதுவார்? ஆகவே போவதற்கு முன்பே தாளில் எழுதுங்கள்: தானாகச் சாப்பிடுகிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா, கழிப்பறைக்குத் துணை வேண்டுமா. நல்ல நாளை எழுதாதீர்கள், மோசமான நாளை எழுதுங்கள். பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடமே போங்கள்.

செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகள் உண்டு. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் எல்லாம் கற்றல் பிரிவில் வரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதமும் அதிலேயே அடங்கும். "பள்ளிக்குப் போகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் தாத்தாக்களுக்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். கையொப்பமும் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று கிளினிக்கை விட்டு வெளியேறும் முன்பே பாருங்கள்.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், மீறுவோரைத் தண்டிக்கும் பிரிவே கிடையாது. அப்படிப்பட்ட சட்டத்தை நம்பி வெறுங்கையோடு முகப்பில் நிற்பதைவிட அட்டையை நீட்டுவது மேல். கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம், கடப்பிதழுக்குக் கட்டண விலக்கு, அரசாங்க வேலையில் ஒரு விழுக்காட்டு ஒதுக்கீடு என்று அதற்குப் பயன் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம்: அட்டை வந்ததும் மாதப் பணம் தானாக வராது. வேலை செய்வோருக்கான உதவித்தொகை, வேலை செய்ய முடியாதவருக்கான உதவித்தொகை இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பும் பார்ப்பார்கள். சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உண்டு, அதைப் பள்ளியில் கேளுங்கள். அட்டை வாங்கப் போகும் அன்றே உதவித்தொகைப் பாரத்தையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்குப் புத்தகமும் இருந்தால், அன்று மாலையே என் வீட்டில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.