மறுமதிப்பீடு கேட்டு எழுதும் முன்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சோலைவரி (வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் வரி) அறிவித்தல் கைக்கு வந்ததும் பலர் எழுதும் கடிதத்தின் முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: 'எனது சோலைவரியை மீண்டும் மறுமதிப்பீடு செய்து குறைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.' ஒரே வாக்கியத்தில் மூன்று தவறுகள்.

'மறு' இருக்கும் இடத்தில் 'மீண்டும்' எதற்கு? இது சின்னத் தவறு, போகட்டும். பெரிய தவறு 'வரியை' என்பதில் இருக்கிறது. மதிப்பிடப்படுவது வரி அல்ல, ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதி. அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பது. அந்தப் பெறுமதியில் சபை தீர்மானித்த வீதம்தான் வரியாகிறது. ஆகவே 'ஆண்டுப் பெறுமதியை மறுமதிப்பீடு செய்யுமாறு' என்று எழுத வேண்டும். வீதம் அதிகம் என்பது உங்கள் குறை என்றால், அதற்கு இந்தச் சொல் உதவாது.

அடுத்தது 'குறைத்து'. திரும்ப மதிப்பிட்டால் பெறுமதி குறையலாம், கூடலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம். தீர்ப்பை நாமே எழுதிவிட்டு விசாரிக்கச் சொல்வது என்ன நியாயம்? அந்த இடத்தில் காரணத்தை எழுதுங்கள்: பின்பக்கக் கூரை இடிந்து இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, முன்னறையில் இருந்த கடை இப்போது இல்லை. அதிகாரி வந்து பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

முதல் மதிப்பீடே நடக்காத புது வீட்டுக்கு மறுமதிப்பீடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வெறும் மதிப்பீடுதான்.

பரீட்சைக்கு வருவோம். உயர்தரப் பெறுபேற்றில் ஐயம் வந்தால் இங்கே கேட்பது விடைத்தாள் மீள்பரிசீலனை. தமிழ்நாட்டுச் செய்திகளை வாசித்துவிட்டு 'மறுகூட்டல்' என்று எழுதாதீர்கள். அங்கே அது புள்ளிகளை மட்டும் திரும்பக் கூட்டிப் பார்ப்பது. மறுமதிப்பீடு அங்கே தனி விண்ணப்பம்.

எழுத்துப் பிழைகளில் இரண்டு அடிக்கடி கண்ணில் படுகின்றன. 'மறுமதிப்பிடு செய்யவும்' என்பது ஒன்று. மதிப்பிடு என்பதே வினை, அதற்குச் 'செய்' தேவையில்லை. மதிப்பீடு என்று நீண்டு பெயரானால்தான் 'செய்' சேரும். மற்றது 'மறுப்பரிசீலனை'. அந்த 'ப்' நுழைந்ததும் பரிசீலிக்கவே மறுப்பதுபோல் ஒலிக்கிறது. மறுபக்கம், மறுபிறவி போல மறுபரிசீலனை என்றே எழுதுங்கள்.